வாசல் கழுவிய தண்ணீர்

1.

இந்தக் கதை ஒரு தொழிற்சாலையில்தான் ஆரம்பித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கெட்டுப்போவதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்ததும் கை தானாகவே ஒரு தொழிற்சாலையைக் கட்டிவிட்டது. உயரமான புகைபோக்கி, திருட்டுத்தனமாகத் திறக்கிற ஒரு குழாய், தங்க மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முதலாளி. முதலாளிக்குத் தொப்பைகூட வைத்தேன். பிறகு அவர் வாயில் ஒரு வசனம் வைக்கப் பார்த்தேன். வரவே இல்லை. மனுஷன் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

என்னடா இது என்று யோசித்தால், நான் எழுத நினைத்த குளத்துக்கு மேலே தொழிற்சாலையே கிடையாது. சரிவான ஒரு தெருதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் வீடுகள், உச்சியில் வண்டி கழுவுகிற ஒரு கடை. தெருவோரமாக மழைநீர்க் கால்வாய், அங்கங்கே அதற்கு இரும்புச் சல்லடை மூடி. கால்வாய் இறங்கிப் போய்க் குளத்தில் விழுகிறது. அவ்வளவுதான் இடம். ஆனாலும் மீன் செத்துவிட்டது.

முதலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது வில்லன் இல்லாமல் ஒரு கதை. எனக்கு ஒரே எரிச்சலாக இருக்கிறது.

2.

முதல் வரி, முதல் முயற்சி:

குளம் அன்று காலை வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல்— [வேண்டாம். மிதக்கிற மீனை வெள்ளி என்று சொல்ல வாய் கூசுகிறது.]

இரண்டாவது முயற்சி:

மனிதன் இயற்கைக்கு இழைக்கும்— [கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.]

மூன்றாவது:

அந்தத் தெருவிலேயே சுத்தமான இடம் பளபளாவின் கடைதான்.

இதை விட்டுவைக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், மேலே போவோம்.

பளபளா என்பது தெரு வைத்த பெயர். வண்டி கழுவுவது தொழில். ஆனால் கழுவிய வண்டியைவிட அவர் கடை முற்றம்தான் அதிகமாக மின்னும். மாலையானால் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிமெண்டுத் தரை முழுவதும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார். எண்ணெய்க் கறை, பிரேக் தூசி, சோப்பு நுரை எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிச் சல்லடைக்குள் விழும். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்.

"கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்பார் மனைவியிடம்.

"ஆமா, கண்ணாடிதான். அதுலயே படுத்துத் தூங்குங்க, உள்ள வராதீங்க" என்பாள் அவள். அவளுக்கு வேறு வேலை கிடக்கும்.

[ஓர் இடைச்செருகல். சல்லடைக்குள் விழுந்தது எங்கே போகிறது? பளபளாவைக் கேட்டால் சட்டென்று சொல்வார்: "அதெல்லாம் சுத்தம் பண்ற இடத்துக்குப் போயிடும்." ஆனால் அங்கே போவது வீட்டுக்குள்ளிருந்து வரும் கழிவுநீர் மட்டும்தான். அதற்குக் குழாய் வேறு. தெருச் சல்லடைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. இது தெரியாதவர் பளபளா மட்டும் இல்லை. தெரு மொத்தமும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வாளி வாளியாக ஊற்றியது.]

3.

குளம் பளபளாவின் தங்கையுடையது. மீன்குஞ்சு வாங்கி விட்டு, வளர்த்து விற்கிறாள். அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அவளுக்குப் பேச்சுத்துணையும் அந்தக் குளம்தான், பிழைப்பும் அந்தக் குளம்தான்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை கொட்டித் தீர்த்தது; கால்வாயில் அதுவரை தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரேயடியாகக் குளத்துக்குள் தள்ளியது. மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டுப் பளபளா விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். தங்கை முழங்கால் தண்ணீரில் நின்று வலையால் வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"தீனி அதிகமாப் போட்டுட்டேன் போல இருக்கு அண்ணா. நானே கொன்னுட்டேன்."

"சும்மா இரு. நீ என்ன பண்ணுவே? எவனோ எதையோ கலந்திருக்கான். எவன்னு மட்டும் தெரியட்டும், கையை ஒடிச்சுடறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, கால்வாய் வந்து விழும் குழாய்ப் பக்கம் போனார். அங்கே நுரை ஒதுங்கிக் கிடந்தது. நுரையின் நடுவே ஒரு பச்சை அட்டை. கழுவி முடித்த வண்டிக்குள் வாசனைக்காகத் தொங்கவிடுவார்களே, அது. அந்தப் பக்கத்தில் அதைத் தொங்கவிடுகிறவர் ஒரே ஒருவர்தான்.

பளபளா குனிந்து அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கை அதைப் பார்க்கவில்லை.

4.

நில்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் என்னைப் படுத்துகிறது.

பார்க்கவில்லை என்று எழுதிவிட்டேன், கதைக்கு அது வசதி. ஆனால் அவள் அந்தக் குளத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஒரு காக்கை வந்து தண்ணீர் குடித்தாலே அவளுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவள், தன் சொந்த அண்ணன் குனிந்து எதையோ எடுத்துப் பையில் திணிப்பதைப் பார்க்காமல் இருப்பாளா? அவளை வெகுளி ஆக்கியது நான். அவள் அப்படி இல்லை.

திருத்தம்: தங்கை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்படித் திருத்தியதும் கதை என் பிடியிலிருந்து நழுவிவிட்டது. இப்போது இவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இவர் சொல்வார் என்று அவள் காத்திருக்கிறாள். அவள் கேட்டுவிடுவாளோ என்று இவர் நடுங்குகிறார். சாப்பாடு இறங்கவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று பொய் சொல்லி வருகிற வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார். பைப்பைத் தொடவே கை வரவில்லை. ஆனால் முற்றத்தில் ஏற்கெனவே சிந்திக் கிடந்த எண்ணெயும் கரியும் அப்படியேதான் கிடக்கின்றன.

இதற்கிடையில் தங்கை மறுபடி குஞ்சு விட்டுவிட்டாள். அண்ணியிடம் சொன்னாளாம்: "இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான் அண்ணி. குளத்தை மூடிட்டு எங்கயாவது போயிடுவேன். இன்னொரு தடவை அள்ளிக் கொட்ட எனக்குத் தெம்பு இல்ல."

மனைவி வந்து இதைச் சொன்னபோது பளபளா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

5.

முடிவு வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும். எனக்கே படபடப்பாக இருக்கிறது.

முடிவு, அ: அவர் சரிவில் ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார். அவள் மன்னித்து— [நல்ல காட்சி, அழலாம். ஆனால் இவர் கீழே அழுதுகொண்டிருக்கும்போது மேலே முற்றத்தில் மழை விழுமே? எண்ணெய் கதறலையா கேட்டுக்கொண்டு நிற்கும்? அது பாட்டுக்கு இறங்கிவிடும்.]

முடிவு, ஆ: தெருவே திரண்டு கை உயர்த்தி உறுதிமொழி எடுத்து— [பேருந்து நிலையத்துச் சுவரொட்டி. மன்னியுங்கள்.]

முடிவு, இ: [இதற்கு முடிவு என்று பெயர் வைக்கலாமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.]

6.

பளபளா தச்சுக்கடைக்குப் போய் ஒரு மூட்டை மரத்தூள் தூக்கி வந்தார். எண்ணெய் கிடந்த இடமெல்லாம் கொட்டினார். செருப்புக் காலால் அழுத்தித் தேய்த்தார். மரத்தூள் கருத்து ஊறியதும் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் அந்தத் தரையை அவர் தண்ணீர் இல்லாமல் சுத்தம் செய்வது இதுதான் முதல் தடவை. தூசி பறந்து இருமினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பித்துப் பிடிச்சிருச்சா? மழைதான் வரப்போகுதே. அதுவே கழுவிட்டுப் போயிடும்."

"அது கழுவக் கூடாதுன்னுதான் பெருக்குறேன்."

அவள் ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள். பிறகு கால்வாய் இறங்கும் திசையைப் பார்த்தாள். "அடக் கடவுளே" என்றாள். உள்ளே போய் இன்னொரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இருவரும் வாரிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, மழை வருது."

"ஆமாம்மா. இருட்டிக்கிட்டு வருது."

"மேல எப்படி இருக்கு?"

"பெருக்கிட்டிருக்கேன்" என்றார்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தாதே" என்றாள் கடைசியில்.

"ஊத்தல. மரத்தூள் போட்டு வாரிட்டேன். எல்லாம் சாக்குல இருக்கு. இனிமே இந்தத் தரையில தண்ணி ஊத்த மாட்டேன். வண்டியெல்லாம் பின்னாடி சரளைக்கல்லுல விட்டுக் கழுவிக்கறேன், மண்ணு குடிச்சுக்கும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கும்தான். நீ சொல்லாமலே இருந்துடுவியோன்னு."

பளபளா அழுதார். மனைவி பார்க்காதமாதிரி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

7.

நியாயமாக இங்கே நிறுத்திவிட வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்தாயிற்று, தரை காய்ந்திருக்கிறது, வாசகரும் மூக்கைச் சிந்தியாயிற்று. எனக்கும் எழுந்துபோக ஆசைதான்.

ஆனால் நிமிர்ந்த பளபளா தெருவைக் கீழ்நோக்கிப் பார்த்துத் தொலைத்தார். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். அடுத்த வீட்டு வாசலில் யாரோ பெயிண்டு பிரஷ் கழுவிய வெள்ளைத் தடம், சல்லடை வரைக்கும். எதிர்வீட்டில் பூந்தொட்டிகளுக்குப் போட்ட உரம் தொட்டியைவிடத் தரையில்தான் அதிகம். ஒரு பைக் நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். நாய் போனது அள்ளாமல் கிடக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். இதைப்போய் யாராவது குற்றம் என்பார்களா? ஆனால் எல்லாம் ஒரே கால்வாயில்தான் இறங்குகிறது.

"நம்ம கடை மட்டும் போதாதுடி" என்றார் மனைவியிடம். விளக்குமாறு, மிச்ச மரத்தூள் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்க வாசலைக் கொஞ்சம் பெருக்கட்டுமா என்று எந்த மனுஷன் வந்து கேட்பான்? சிரிப்பார்கள். உங்க வேலையைப் பாருங்க என்பார்கள்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது.

யார் வருகிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நான்கு பேரை எழுதிப் பார்த்தேன்: ஒருவர் சிடுசிடுத்தார், ஒருவர் பேசாமல் கேட்டார், ஒருவர் நாளைக்கு வரச் சொன்னார், ஒருவர் தானே வந்து பெருக்கினார். நான்கு பேரையும் நம்ப முடிந்தது, அதுதான் தொல்லை. எல்லாரையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முதல் தூறல் விழுந்துவிட்டது. குளத்தில் குஞ்சுகள் இருக்கின்றன. வெளியே ஒருத்தர் விளக்குமாறோடு நனைந்துகொண்டு நிற்கிறார். தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது.