கைச்செலவு

ஒன்பது வருடமாகக் கலந்தர் நானாவின் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். இரத்தோட்டையிலிருந்து மூட்டை வந்து இறங்கினால் பொழுது சாயும்வரை குந்தியபடியே வேலை. அதே கடையில் மூட்டை தூக்குகிற செல்லச்சாமிக்கு மாதம் முடிந்தால் சம்பளம். எனக்குக் கைச்செலவு. ஏனென்றால் நான் நானாவின் சாச்சி மகள், சின்னம்மா பெண். அவர் எனக்கு அண்ணன் முறை. சொந்தக்காரிக்குச் சம்பளம் என்று கொடுத்தால் மரியாதைக் குறைவாம். செல்லச்சாமி வாங்குவதில் பாதியை வாங்குவதுதான் எனக்கு மரியாதை.

என் புருஷன் மவுத்தாகி நான் தனித்துப்போன வருடம் கைச்செலவு என்ற சொல் இதமாகத்தான் இருந்தது. அதன் குணம் பிறகுதான் தெரிந்தது. சம்பளம் என்றால் வாய் திறந்து கேட்கலாம். கைச்செலவைக் கேட்க முடியாது, கொடுக்கிறபோது வாங்கிக்கொள்ள வேண்டும். நான் காய்ச்சலில் படுத்த மாதம் அதுவும் வரவில்லை.

போன திங்கட்கிழமை அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்தார். சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் முதலாளி சேமலாப நிதி கட்ட வேண்டும், வயதான காலத்தில் அது கைகொடுக்கும் என்று சொல்லிப் பெயர்களை எழுதினார். என்னைக் காட்டி, "இவங்க?" என்றார்.

"அது எங்கட சாச்சிட மக. சும்மா ஒத்தாசைக்கு வாரா. சம்பளம் ஒண்ணும் இல்ல." நானா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ன மஸூதா?"

சும்மாவாம். கையிலிருந்த காயைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"காலையில ஏழு மணிக்கு வாரேன், மகரிபு தொழுகைக்குத்தான் ஊட்டுக்குப் போறேன். மாசம் இருவத்தஞ்சு ரூவா தாராங்க. அது சம்பளம்தான் ஐயா, எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டார். அவர் படியிறங்கித் தெருவுக்குப் போனார். நானா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"சம்பளக்காரியா ஆகிட்டாய். இனி சொந்தம் கொண்டாடிட்டு வர வேணாம். வார மாசம் எங்கட புள்ளட கலியாணத்துக்கும் ஒனக்கு அழைப்பில்ல."

அவருடைய மூத்த பெண்கள் இருவரின் கலியாணத்திலும் நான் விருந்துப் பாயில் உட்கார்ந்ததில்லை. மூன்று மூன்று நாள் குசினியில் தேங்காய் துருவிச் சட்டி கழுவிக் கிடந்தவள் நான்.

"சரி நானா," என்றேன். "அப்ப குசினிக்கு ஒரு ஆளப் பாருங்க. மூணு நாள் வேல. சம்பளம் குடுக்கணும்."