மூன்றாவது விதி

பள்ளி டைரியில் சிவப்பு மையில் மூன்று வரி எழுதியிருந்தது. ‘தங்கள் மகள் மெல்லாமல் அள்ளிப் போட்டு விழுங்குகிறாள். சாப்பாட்டு மேசை ஒழுக்கத்தை வீட்டில் பழக்கவும். திருந்தும்வரை தனி மேசையில் அமர்த்தப்படுவாள்.’ தேதி இரண்டு நாள் முந்தையது. குருவி அதை அம்மாவிடம் காட்டாமலே வைத்திருந்தாள்.

கண்டக்டரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது மகள் மேல்தான். பஸ்ஸில் நாள் முழுக்கப் படிக்கட்டில் நிற்கிறவர்களை உள்ளே தள்ளிக் கத்திய அதே தொண்டையால் பெற்ற பிள்ளையையும் ஒரு பிடி பிடித்தாள்.

“மானத்த வாங்குறியேடி. இந்த வீட்ல உன் தட்ட யாரு புடுங்கினா?”

எட்டு வயதுக் குருவி நிமிரவில்லை. “மெதுவா சாப்பிட்டா மணி அடிச்சிடும்மா.”

“அடிச்சா அடிச்சிட்டுப் போகுது.”

“மிச்சம் வெச்சா எங்க மேசையோட ஸ்டாரக் கிழிச்சிடுவாங்க. எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. அதான் வேகமா முழுங்கினேன். முழுங்கினதுக்குத் தனியா உக்கார வெச்சிட்டாங்க. செவுத்தப் பாத்து உக்காந்தா சாப்பாடே எறங்கலம்மா.”

கண்டக்டரம்மா டைரியை மூடினாள். கோபம் போகவில்லை. டிப்போவில் பஸ் திரும்புவதுபோல் பெரிய வட்டமடித்து வேறு பக்கம் பார்த்து நின்றது.

மறுநாள் காலை ட்ரிப்பை முடித்ததும் காக்கி உடுப்போடே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அடுத்த ட்ரிப் ஒன்றே முக்காலுக்கு. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். நேரம் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். ஒரு நிமிடத்தில்கூட அவளை ஏமாற்ற முடியாது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. ஐந்தாம் வகுப்பு முதலில் வரிசையில் நின்றது, அடுத்து நான்காவது. இரண்டே பேர் பரிமாறினார்கள். மூன்றாம் வகுப்பு கடைசி, அதிலும் குருவி கடைசிக்கு முந்தியவள். அவள் கைக்குத் தட்டு வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. முடிகிற மணி ஐம்பத்தைந்துக்கு.

சுவரில் கலர் பென்சிலில் பூ வரைந்த அட்டை தொங்கியது. ஒன்று, மெதுவாக மென்று சாப்பிடு. இரண்டு, தட்டில் மிச்சம் வைக்காதே. மூன்று, மேசையில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழாதே.

ஸ்டார் நோட்டுடன் நின்ற டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், நான் குருவியோட அம்மா.”

“வாங்க. நல்ல பொண்ணுதான். சாப்பிடுற பழக்கம் மட்டும் வீட்ல சொல்லித் தரணும்.”

“எங்க வீட்ல மணி அடிக்கறதில்லைங்க.”

“புரியலையே.”

“ஏழு நிமிஷம். அதுல மெல்லவும் செய்யணும், மிச்சமும் வைக்கக்கூடாது. நீங்க ஒரு நாள் சாப்பிட்டுப் பாத்தீங்களா?”

“நேரம் போடறது ஆபீஸ்ல. நான் ஒழுக்கம் மட்டுந்தான் பாக்கறேன்.”

“அப்ப ஆபீஸ் செஞ்சதுக்கு எம்புள்ளய ஏன் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சீங்க?”

டீச்சர் நோட்டைப் புரட்டினாள்.

கண்டக்டரம்மா தனி மேசை கிடந்த மூலைக்குப் போய்க் குருவியின் தட்டை ஒரு கையிலும் குருவியை ஒரு கையிலும் எடுத்தாள். ஆறு பேர் இருந்த பழைய மேசைக்கு வந்தாள். “தள்ளி உக்காருங்கப்பா, ரெண்டு சீட்டு வேணும்.” பஸ்ஸில் சொல்கிற அதே குரல். ஆறும் உடனே நகர்ந்தன. பரிமாறுகிற அம்மாள் யாரையும் கேட்காமல் அவளுக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

“மேடம், பெத்தவங்க இங்க சாப்பிடக்கூடாது,” என்றாள் டீச்சர்.

“அட்டையில அது இல்லையே.”

ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். டிப்போவில் நின்றபடி ஐந்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவள், இன்று ஒவ்வொரு வாயையும் பழிவாங்குவதுபோல் மென்றாள். குருவி அவளை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, தானும் மெதுவாக மென்றாள்.

மணி அடித்தது. மற்ற மேசைகள் எழுந்தன. இந்த மேசை எழவில்லை.

“எந்திரிங்க, கணக்கு பீரியட்,” என்றாள் டீச்சர்.

கண்ணாடி போட்ட பையன் கையைத் தூக்கினான். “ஆன்ட்டி இன்னும் முடிக்கல டீச்சர். மூணாவது ரூல்.”

மேசை மொத்தமும் தலையாட்டியது. டீச்சரின் முகம் சிவந்தது. தான் பூ வரைந்த அட்டையைத் தானே கழற்ற முடியாமல் நின்றாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். கண்டக்டரம்மா எழவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிய பிறகுதான் பேசினாள். நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று இரண்டே எண். பிறகு தோள்பையிலிருந்து டைரியை எடுத்துத் திறந்து டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

“இத அடிங்க.”

தலைமையாசிரியை தலையசைத்தார். டீச்சர் அதே சிவப்புப் பேனாவால் மூன்று வரியையும் அடித்தாள்.

“சரிம்மா,” என்றார் தலைமையாசிரியை. “உங்க பொண்ணு இங்கயே உக்காரட்டும். நாளையிலேர்ந்து மூணாம் வகுப்ப முதல்ல அனுப்பிடறோம். போதுமா?”

“அப்ப கடைசில எந்த வகுப்பு நிக்கும்?”

தலைமையாசிரியை டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ட்ரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. தட்டிலும் பாதி இருந்தது. அடுத்த வாயை எடுத்தாள்.

“சொல்லுங்க,” என்றாள். “நான் இன்னும் முடிக்கல.”