நாங்களும் நாமும்

அந்த வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவளுக்குக் காலையிலேயே வயிறு எரிந்தது. மேஜையில் வந்து கிடந்தது சிநேகிதியின் கட்டுரை. இருவரும் ஒரே நாளில் இதே அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிநேகிதி பேர்போன எழுத்தாளராகிப் பறந்துவிட்டாள். இவள் சிவப்புப் பேனாவும் கையுமாக அதே நாற்காலியில். இப்போது மகாராணி பழைய பத்திரிகை நாட்களை நினைத்து உருகியிருக்கிறாளாம்.

பக்கம் வடிவமைக்கிறவர் எட்டிப் பார்த்தார். "படிச்சீங்களாக்கா? எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"கலங்கும், கலங்கும். கலங்கணும்னுதானே எழுதியிருக்கா."

வித்தையெல்லாம் இவளுக்குத் தெரியாதா? மூன்று பத்திகள் வரிசையாக 'அப்போதெல்லாம்' என்று தொடங்கின. யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத கேள்விகள் நாலு. பசை வாசனை, ஆறிப்போன டீ, ஓடாத மின்விசிறி என்று எதை எடுத்தாலும் மும்மூன்றாக அடுக்கல். நடுவே 'நான் வெறும் கத்துக்குட்டி' என்று ஒரு அடக்கம்; அப்படிச் சொன்னால்தானே படிக்கிறவர்கள் 'சேச்சே, நீங்களா' என்பார்கள்! ஆனாலும் கட்டுரை நன்றாக இருந்தது. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இவள் தேடியது பிழையை அல்ல, தன்னை. எங்கே பார்த்தாலும் 'நாங்கள்'. நாங்கள் ஓடினோம், நாங்கள் சிரித்தோம். கடைசியில், 'கட்டணம் ஏறியது, பயணி இறங்கினார்' என்ற அந்த அட்டைத் தலைப்பு. அது இவள் வாயில் வந்த தலைப்பு. அந்த இதழ் இரண்டாம் முறை அச்சடிக்கும் அளவுக்கு விற்றது. அதன் கீழே: 'நாம் அன்று வைத்த அந்தத் தலைப்பைப் போல ஒன்றை நான் இதுவரை எழுதவில்லை.'

நாமா? 'நாம்' என்றால் படிக்கிறவரையும் சேர்த்தல்லவா? வாசகர்களும் வந்து உட்கார்ந்தா தலைப்பு வைத்தார்கள்? அப்பாடா, மாட்டினாள். 'நாம்' மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'நாங்கள்' என்று எழுதினாள். உச்சி குளிர்ந்துபோனது.

இதழ் வந்த அன்று மத்தியானம் சிநேகிதி போன் செய்தாள்.

"எந்தத் தடிமாடுடி என் கடைசி வரியில கை வச்சது?"

"எந்த வரி?"

"உனக்குன்னு எழுதின வரி. உன் பேரைத்தான் போட்டிருந்தேன். ஆசிரியர் யார் பேரும் வேணாம்னுட்டார். சரி, எப்படியும் முதல்ல படிக்கப்போறது நீதானே, படிக்கிற உன்னையும் சேர்த்து 'நாம்'னு போட்டேன். பார்த்ததும் நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன். மத்ததெல்லாம் ஊருக்குக் காட்டின வித்தைடி. அது ஒண்ணுதான் நிஜம்."

வெட்கத்தில் இவளுக்குக் காது சுட்டது.

"நீ பார்த்திருந்தா மாத்த விட்டிருப்பியா? அன்னைக்கு லீவா நீ?"

"ஆமா," என்றாள். "லீவு."

"அதானே பார்த்தேன்," என்றாள் சிநேகிதி.