மடியில் வந்த பை

கம்பெனி பஸ்ஸில் நிற்பவர்களின் சாப்பாட்டுப் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். என் தம்பி எழிலரசனும் பென்னலூரில் ஏறியதும் பையை என்னிடம் தந்துவிட்டு நிற்பான். கம்பெனி கேட் தாண்டியதும் வாங்கிக்கொள்வான். கூடப் பிறந்தவன், இதற்கெல்லாம் கணக்கா பார்ப்பார்கள்?

இன்றைக்குப் பாதி சீட் காலி. ஆனாலும் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்டில் ஆண்கள் வரிசையில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பெண்கள் வரிசையில் செக்யூரிட்டி ஷெர்லின் பேருக்குத் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவாள்.

பாக்ஸைத் திறந்தேன். நான் கிளறிய எலுமிச்சை சாதம். விரலை விட்டால் அடியில் பிளாஸ்டிக் கவர், உள்ளே சிவப்புச் சிவப்பாய்ப் போதை மாத்திரை. வடகிழக்கு எல்லைப் பக்கமிருந்து ரயிலில் வருகிறதாம். டபுள் ஷிப்டில் தூங்காமலிருக்க ஒன்று போடுவார்கள், அப்புறம் அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது. இவனும் அப்படித்தான் போனான். கன்னம் ஒட்டி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, அம்மா மேலேயே கை ஓங்கினான். விட்டுவிட்டேன் என்று என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நம்பினேன். நம்பி, தினமும் நானே சுமந்து உள்ளே கொண்டுபோயிருக்கிறேன், பாவி.

எழில் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூடுக்கா. பாத்துகினு கீறாங்க."

"பாக்கட்டும்."

"நான் போடறதில்லக்கா. உள்ள குடுக்கறதோட சரி. குடு, ஜன்னல் வழியா வீசிடறேன்."

"நாளைக்கு வேற எவ மடியில வைப்ப?"

அவன் குரல் மாறியது. "மாட்டுனா உன் பேருதான் வரும். வேல பூடும்."

"போவட்டும்."

பயமாகத்தான் இருந்தது. வேலையோடு விடுவார்களா, ஜெயிலா, தெரியவில்லை. ஆனால் என் மடியை இவன் என்னவென்று நினைத்துவிட்டான் என்ற ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பஸ் நின்றது. இறங்கி வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"போ ஜோதி, சீக்கிரம். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்றாள் ஷெர்லின்.

நான் நகரவில்லை. பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். கவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"இன்னாடி இது? யாருது?"

"என் கையிலதான வந்துச்சு. மொதல்ல என் பேர எழுதிக்கோ. அப்பறம் அந்த லைன பாரு."

ஆண்கள் வரிசையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழில் மட்டும் வெறுங்கையோடு நின்றான்.