இருபத்திரண்டு 'இல்லை'

இரண்டு மூட்டையை ஒரே தூக்கில் முதுகில் ஏற்றுகிற ஆள் என்பதால் கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். போன வருஷம் ஒரு வேன் இடித்ததில் கால் ஒடிந்தது, ஒட்டியும் விட்டது. ஆனால் ஹாரன் கேட்டால் இன்றும் உடம்பு வேர்க்கும், கால் நகராது. லாரிகள் நிற்பதோ சாலைக்கு அந்தப் பக்கம். கால் வலி என்று பொய் சொல்லி, அரைக்கூலிக்கு உள்ளேயே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். பயம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும்.

வழக்குப் போட வைத்தவளும் அவள்தான். இடித்தவன்தானே இந்தப் பயத்துக்கான வைத்தியத்துக்கும் கொடுக்க வேண்டும் என்றாள். கிரேனைச் சோதித்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் ஒரு உளவியல் நிபுணரை நியமித்தது. வினை அந்த அம்மா நீட்டிய கேள்வித்தாளில் வந்தது. தூக்கம் கெடுகிறதா, வண்டிச் சத்தத்தில் திடுக்கிடுகிறீர்களா என்று இருபத்திரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வந்து, அத்தனையிலும் பாஸ் என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விசாரணை அன்று பெண்டாட்டி கூடவே வந்தாள். கிடங்கில் ஆள் எடுக்கும் மேஸ்திரியும் கூட்டாளிகள் ஆறு பேரும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.  வழக்கு தோற்றால்கூடத் தேவலை, இவர்கள் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று இருந்தது கிரேனுக்கு.

இன்சூரன்ஸ் வக்கீல் தாளை உயர்த்திக் காட்டினார். "பயமே இல்லைன்னு அவரே எழுதியிருக்கார். நீங்க இருக்குன்னு எழுதுறீங்க. யாரை நம்புறது?"

அந்த அம்மா அசரவில்லை. இவ்வளவு சுகமான மனுஷனைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை, அதனாலேயே சந்தேகம் வந்தது என்றார். கிடங்குக்கே போய் அவனைச் சாலையோரம் அழைத்துப் போனாராம். ஒரு லாரி ஹாரன் அடித்ததும் அவன் கால் நகரவே இல்லையாம், பிடித்த பிடியில் அவருடைய கைப்பை வாரே அறுந்துவிட்டதாம். பிறகு அதே தாளைப் பெயர் எழுதாமல் ஆறு கூட்டாளிகளிடமும் கொடுத்தாராம்.

"ஆறு பேருமே இருபத்திரண்டு 'இல்லை'. அதுல ஒருத்தர் வலது கையில மாவுக்கட்டு. உடம்புல வலி உண்டான்னு கேட்டதுக்கு, இடது கையால 'இல்லை'ன்னு டிக் அடிச்சிருக்கார்."

பின்பெஞ்சில் ஒருவன் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கோர்ட்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"காலையில ஆள் எடுக்கும்போது வலின்னு சொன்னா அன்னைக்கு அரைக்கூலிதான். இல்லைன்னே சொல்லிப் பழகின வாய் இது. அதனால வாயை விட்டுட்டேன், காலைப் பார்த்து எழுதினேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வக்கீலுக்கு வேறு கேள்வி உண்டா என்றார். இல்லை. அறிக்கை ஏற்கப்பட்டது, வைத்தியச் செலவு இன்சூரன்ஸ் தலையில்.

வெளியே வந்தபோது கிரேன் தலையே நிமிரவில்லை. கட்டுக்கைக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எனக்கு லிஃப்ட்ல ஏறப் பயம்டா. பத்து மாடியும் படியிலதான் ஏறுவேன்." இன்னொருத்தனுக்கு ஊசி. ஒருத்தனுக்கு மாமியார். மாமியார் பயத்தில் சேராது, அது புத்திசாலித்தனம் என்று மற்றொருவன் தள்ளுபடி செய்தான்.

எதிரே டீக்கடை. நடுவில் சாலை, வண்டி மேல் வண்டி. வா போகலாம் என்று கூப்பிட்டார்கள். கிரேன் விளிம்புவரை வந்து நின்றான்.

"பயமா இருக்குடா," என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மேஸ்திரி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரியாகிற வரைக்கும் உள்வேலையே பாரு, கால்வலின்னு கதை விடாதே என்றார். உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். தானே சாலையைக் கடந்து போய் டீத்தட்டை வாங்கிவந்தார், பாதியைத் தளும்பவிட்டபடி.

நீதிமன்றப் படிக்கட்டில் இந்தப் பக்கமே உட்கார்ந்து குடித்தார்கள். பெண்டாட்டி தன் டம்ளரை ஊதிக்கொண்டே, மேஸ்திரிக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டாள். அவர் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.