காரியாபட்டியில் பெய்த மழை

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி முடிந்தும் திருச்சுழிப் பக்கம் மழை இல்லை. கண்மாய்க் கரையில் தகரக் கொட்டகை போட்டு, உப்புத்தூளை வானத்தில் ஊதி மழை வரவழைக்கும் சோதனை ஒன்றை அரசு வானிலைத் துறையினர் தொடங்கினார்கள். உப்பைக் காயவைக்கும் வேலைக்கு ராக்கம்மாள் சேர்ந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. அவளுக்கென்று இருந்தது காரியாபட்டிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை குருவம்மாள் மட்டுந்தான்.

கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, மாவாக அரைத்து, துணியில் சலித்து டின்னில் அடைக்க வேண்டும். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலும் தூள் கட்டிபட்டுவிடும்.

“ஊரே காஞ்சு கெடக்கு. இதுக்கு மட்டும் எங்கிருந்து சார் ஈரம் கெடைக்குது?” என்று வானிலை உதவியாளர் சக்திகுமாரிடம் கேட்டாள்.

“காத்துல கண்ணுக்குத் தெரியாம ஈரம் இருக்குக்கா. அத இழுத்துக்கிறது உப்போட குணம். மேகத்துக்குள்ள போனா ஒவ்வொரு தூளும் ஈரத்தக் குடிச்சு சொட்டாயிரும். சொட்டுக ஒண்ணோட ஒண்ணு சேந்து கனத்துப்போனா கீழ விழுந்துதான ஆகணும்.”

ராக்கம்மாளுக்கு இது பிடித்துப்போனது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு நாள் குருவம்மாளின் புருஷன் சந்தனம் அவளைப் பார்க்க வந்தபோது அவனிடமும் சொன்னாள். அவன் சிரித்தான்.

“எங்க ஊருக்கும் ரெண்டு சொட்டு அனுப்புங்க மதினி.”

“அனுப்புறேன், அனுப்புறேன்” என்றாள் அவளும் சிரித்துக்கொண்டே.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மதியம் மேகம் திரண்டது. இரண்டு மணி நேரம் உப்பை ஊதினார்கள். காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. மேகம் திருச்சுழியைத் தாண்டி வடமேற்கே நகர்ந்தது. சாயங்காலம் காரியாபட்டித் திசை கறுத்து மின்னியது. கண்மாய்க் கரையில் புழுதிகூட அடங்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் வந்த அதிகாரி, காரியாபட்டியில் ஒன்பது சென்டிமீட்டர் மழை பதிவாகியிருப்பதாகச் சொன்னார். எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். தங்கை ஊரில் மழை என்ற சந்தோஷத்தில் ராக்கம்மாள் அதைத் தின்றாள்.

மதியம் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் சங்கரலிங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

“சந்தனம் போயிட்டான்மா. மண்சுவரு ஊறி விடியக்காலம் சாஞ்சிருச்சு. ஒந்தங்கச்சி ஆட்ட மாத்திக் கட்ட வெளிய வந்ததால தப்பிச்சா.”

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராக்கம்மாள் கொட்டகைக்கு வந்தாள். சக்திகுமார் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், அது நம்ம பெய்ய வச்ச மழையா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியலக்கா. ஐப்பசில தானாவும் பெய்யும். நாம ஊதலைன்னாலும் பெஞ்சிருக்கலாம். ஊதுனதால கூடப் பெஞ்சிருக்கலாம். பிரிச்சுச் சொல்ல எங்ககிட்ட வழியில்ல.”

“நம்ம மழைன்னுதான பெரியய்யா லட்டு குடுத்தாக?”

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். அவள் சலிக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு, காற்று, லட்டு, ‘அனுப்புறேன்’ என்று தான் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை.

குருவம்மாள் இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுவர ஆடியிலயே பூசணும்னு அவரு சொன்னாருக்கா. குடிக்கவே தண்ணியில்ல, மழையும் காணோம், மண்ணக் குழைக்கத் தண்ணிக்கு எங்க போறதுன்னு நாந்தான் தடுத்தேன். நீ உன்னச் சொல்லுற. நான் என்னய என்ன சொல்ல?”

ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் குருவம்மாள் விதைப்பெட்டியை எடுத்தாள். “அவரு புழுதியிலயே உழுது போட்டது. ஈரம் போறதுக்குள்ள வெதச்சிரணும்” என்றாள். இடையில் விழுந்த தூறலால் புஞ்சையில் இன்னும் ஈரம் இருந்தது. இருவருமாகச் சோளம் விதைத்தார்கள். ராக்கம்மாள் தங்கையோடேயே தங்கிவிட்டாள்.

அந்த வருஷம் நல்ல விளைச்சல். அறுப்பு தொடங்கிய அன்று, அதுவரை யார் முன்னாலும் அழாத குருவம்மாள், முதல் கதிரை ஒடித்த கையோடு வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.