ஏரி வழி

"மூணு சொன்னதும் தூக்கணும் சார். முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க" என்றார் மூத்த பூங்காக் காவலர்.

அவன் குனிந்து ஸ்ட்ரெச்சரின் முன்பக்க இடது பிடியைப் பற்றினான். மற்ற மூன்று பிடிகளில் இரண்டு காவலர்களும், மரவீடுகளைப் பராமரிக்கும் பெண்ணும். வண்டி இவ்வளவு உயரம் வராது. நாலாவது ஆளுக்கு அவனை விட்டால் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வீட்டில் தண்ணீர்க் கேனைக்கூட மனைவிதான் தூக்கிக் கவிழ்ப்பாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

பச்சைப் போர்வைக்குள் இறுக்கிக் கட்டப்பட்டிருந்த மாமா தரையை விட்டு எழுந்தார்.

அவனுடைய அக்காவின் கணவர். காலையில், தங்கியிருந்த மரவீட்டில் அக்கா எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. கீழிருந்து ஏறி வந்த டாக்டர், தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

வாழ்நாளெல்லாம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர் மாமா. கிணறு மாதிரியான இருட்டுக் குழிகளில் கிரீஸும் தூசியுமாக நின்று வேலை பார்த்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மலைப் பூங்காவுக்கு வந்து, அந்த வருஷத்துக்கான மூச்சை மொத்தமாக இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கடையில் வேலை இருக்கும். இந்த வருஷம் மாமா கடைக்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறேன் என்று அவன் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

மரவீடுகளைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. காவலர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பக்கம் வேணாமே" என்றாள் அக்கா.

"ஏரி வழி ரொம்பச் சுத்தும்மா. இது செங்குத்து, ஆனா சட்டுனு இறங்கிடலாம்."

"இறக்கம் அவருக்கு ஆகாதுங்க. முட்டி வலிக்கும்பாரு."

பராமரிப்புப் பெண் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். மூத்த காவலர் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"முட்டி வலின்னா கஷ்டம்தான். சுத்தியே போவோம்" என்றார்.

ஏரி அசையாமல் கிடந்தது. நேற்று மதியம் மாமா இதில் இறங்கித் தொந்தி மேலே தெரிய மல்லாந்து மிதந்தார். "டேய் மாப்ள, கரையில நின்னு காவல் காக்கவா வந்தே? இறங்குடா!" கணுக்கால் நனைந்ததுமே குளிர் மண்டைக்கு ஏற, அவன் கத்திக்கொண்டு வெளியே ஓடினான். மாமா சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது. "வயசுக்குத் தகுந்த மாதிரி இருங்களேன்" என்று அக்கா கரையிலிருந்தே திட்டினாள். திட்டும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாதி ஏரியைச் சுற்றுவதற்குள் அவன் விரல்கள் மரத்துவிட்டன. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எதிரே முதுகுப்பைகளோடு ஏறி வந்த இளம் தம்பதி ஒதுங்கி நின்றார்கள். போர்வையையும் அவனையும் பார்த்தபின், அந்த இளைஞன் தயங்கிக்கொண்டே கேட்டான்.

"நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுங்களா?"

"வேணாம் தம்பி. பரவால்ல."

"குடுடா" என்றாள் அக்கா. "கை நடுங்குது பாரு. கீழ போட்டேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒரு கணம் எல்லாரும் அப்படியே நின்றார்கள். முதலில் சிரித்தது பராமரிப்புப் பெண்தான். பிறகு அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு. ஸ்ட்ரெச்சர் லேசாகக் குலுங்கியது.

இளைஞன் பிடியை வாங்கிக்கொண்டான். இளைஞனின் மனைவி பராமரிப்புப் பெண்ணின் இடத்துக்குப் போனாள்.

"ஐயா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டாள்.

"லிப்ட் மெக்கானிக்கும்மா. ஊரையே ஏத்தி இறக்கினவரு" என்றாள் அக்கா.

"அப்ப குலுங்காம இறக்கணும்" என்று அவள் தன் கணவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

பாதை அகலமான இடத்தில் அவனும் அக்காவும் பின்னால் சேர்ந்து நடந்தார்கள். காலையிலிருந்து கேட்க நினைத்ததை அவன் கேட்டுவிட்டான்.

"நேத்து அவ்வளவு தூரம் ஏறவிட்டிருக்கக் கூடாதோ?"

"டாக்டர் ஏறவே கூடாதுன்னுதான் சொன்னாரு. ரெண்டு மாசம் முன்னாடி."

அவன் நின்றுவிட்டான்.

"நடடா, அவங்க போயிடுவாங்க" என்றாள். "எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சண்டை போட்டேன். பேசாம இருந்து பார்த்தேன். வீட்டுல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டே சாக என்னால முடியாதுன்னாரு. அப்புறம் நானே பையை எடுத்து வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா."

"சொன்னா நீ வரவிடுவியா? நான் மட்டும் தனியா நிக்கக் கூடாதுன்னுதான் உன் கடையில போய் உக்காந்தாரு. 'மாப்ள கூட இருந்தா நீ சமாளிச்சுக்குவே'ன்னு எங்கிட்ட சொன்னாரு."

அவன் சிவந்து வீங்கிய உள்ளங்கைகளைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனபின், அவன் மெதுவாக, "அழணும்னா அழுதுடுக்கா" என்றான்.

"வீட்டுக்குப் போய் அழறேன். இந்த இடத்துல ஒருநாளும் அவருகிட்ட முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டதில்ல." ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேத்து படுக்கும்போது, காலு ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கும்மா, சுகமா இருக்குன்னாரு. திரும்பிப் படுத்தாரு. அவ்வளவுதான்."

கடைசித் திருப்பத்தில் அவன் இளைஞனின் தோளைத் தொட்டுப் பிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இளைஞன் மறுக்காமல் விலகினான்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. மாமாவை உள்ளே ஏற்றினார்கள். அக்கா ஒவ்வொருவரின் கையையும் இரண்டு கைகளாலும் பிடித்து விடைபெற்று, மாமாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. அவன் காரில் பின்தொடர வேண்டும்.

இளம் தம்பதி குழாயடியில் முகம் கழுவி, பைகளை மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டார்கள். சுமந்துகொண்டு இறங்கிய தூரம் முழுவதையும் அவர்கள் திரும்ப ஏற வேண்டியிருந்தது. "வர்றோம் சார்" என்று கையாட்டிவிட்டு ஏறத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணின் பையில் காயப் போட்டிருந்த காலுறைகள் இரண்டு, அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஆடி ஆடிப் போயின.

காரைக் கிளப்பாமல், அந்தக் காலுறைகள் மரங்களுக்குள் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.